சளி பிடித்தால் இழுப்பு வருவது ஏன்? வைரஸ் தொற்றும் ஆஸ்துமாவும்

ஆஸ்துமா உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு இந்த வரிசை நன்கு பழகிப்போனது. முதல் நாள் மூக்கு ஒழுகும், நாலைந்து தும்மல் வரும். மறுநாள் தொண்டை கரகரக்கும். காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் இரவு, படுத்த சிறிது நேரத்தில் வறட்டு இருமல் தொடங்கி, விடிவதற்குள் நெஞ்சில் கீச்சொலி கேட்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கும். அதே வீட்டில் அதே சளி தொற்றிய அண்ணனோ அக்காவோ இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரே வைரஸ் ஒரே வீட்டில் இருவரிடம் இவ்வளவு வேறுபட்ட நோயை உண்டாக்குவது எப்படி?

இதற்கான விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். வேறுபாடு வைரஸில் இருப்பதைக் காட்டிலும், அது வந்து இறங்கும் மூச்சுக்குழாயில்தான் பெரிதும் இருக்கிறது. சளி பிடிப்பதற்கு வெகுமுன்பே அங்கே வெளியில் தெரியாமல் நடந்துகொண்டிருக்கும் அழற்சிதான் ஒரு சாதாரண ஜலதோஷத்தை மருத்துவமனை வரை கொண்டுபோகிறது. பிள்ளை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் நாட்களிலும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கான காரணமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் என்ன நடக்கிறது

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் நீடித்திருக்கும் அழற்சி. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். நோயாளியின் மூச்சுக்குழாய்ச் சுவர் எந்நேரமும் சற்றே தடித்து, எதற்கும் உடனே சுருங்கத் தயாரான நிலையில் இருக்கும். தூண்டுதல் ஏதேனும் கிடைத்தவுடன் மூன்று மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன: குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி சுரந்து எஞ்சியிருக்கும் இடைவெளியையும் அடைக்கிறது. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், காற்று சீராகப் பாயும் நிலையில்கூட அதற்கு ஏற்படும் தடை பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. பெரியவர்களுக்குச் சிறு தொந்தரவாக முடியும் வீக்கம், இயல்பிலேயே மிகக் குறுகிய குழாய்கள் கொண்ட கைக்குழந்தையை மூச்சுத்திணற வைப்பது இதனால்தான்.

தூசி, புகை, மகரந்தம், குளிர்காற்று, உடற்பயிற்சி என்று இந்தத் தூண்டுதல்கள் பலவாக இருக்கலாம். ஆனால் மருத்துவமனைக்குப் போகுமளவு நோய் முற்றுகிற தருணங்களை எடுத்துக்கொண்டால், குறிப்பாகப் பிள்ளைகளிடம், முதலிடம் சளி வைரஸ்களுக்கே. இதை ஐயமில்லாமல் காட்டியது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பகுதியில் 9 முதல் 11 வயது வரையிலான 108 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 1995-இல் வெளியிடப்பட்ட ஆய்வு. பிள்ளைகள் வீட்டிலேயே அன்றாடம் தங்கள் அறிகுறிகளைக் குறித்துவைத்து, மூச்சை வெளியிடும் வேகத்தைக் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் ஊதி அளவும் பார்த்தார்கள். அறிகுறிகள் தோன்றியபோது மூக்குச்சளி மாதிரி எடுத்துச் சோதித்ததில், மூச்சுத்தொல்லை ஏற்பட்ட வேளைகளில் ஐந்தில் நான்குக்கும் குறையாதவற்றில் வைரஸ் இருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பங்கு ரைனோவைரஸ் என்னும் சாதாரண ஜலதோஷ வைரஸுக்கு உரியது. அதற்கு முந்தைய ஆய்வுகள் இவ்வளவு உயர்ந்த விகிதத்தைக் காணாததற்குக் காரணம் சோதனை முறைதான். ரைனோவைரஸை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டுபிடிப்பது கடினம், பி.சி.ஆர். சோதனை வந்த பிறகே அது கண்ணில் பட்டது.

ரைனோவைரஸ் 1950-களிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன; இத்தனை வகைகளுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி உருவாக்குவது இன்றுவரை கைகூடவில்லை. அவை ஏ, பி, சி என்று மூன்று இனங்களாகப் பிரிக்கப்படுகின்றன. இவற்றில் சி இனம் 2006-இல்தான் அடையாளம் காணப்பட்டது. பிள்ளைகளின் கடுமையான மூச்சிரைப்புக்கும் இந்த இனத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அது செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாயில் சி.டி.எச்.ஆர்.3 என்ற புரதம் என்று 2015-இல் தெரியவந்தது. வியப்பு என்னவென்றால், அதே புரதத்துக்குரிய மரபணுவில் காணப்படும் ஒரு சிறு மாறுபாடு, குழந்தைப் பருவத்திலேயே அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்க நேரும் கடும் ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய ஆண்டே, வைரஸைப் பற்றிய பேச்சே இல்லாமல், மரபணுக்களை மட்டும் ஆராய்ந்து கண்டறிந்திருந்தார்கள். இரண்டு வெவ்வேறு பாதைகளில் போனவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது இத்துறையின் நிறைவான தருணங்களில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

ரைனோவைரஸ் மூக்கோடு நின்றுவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. மூக்கின் உட்பகுதியில் நிலவும் 33 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பமே அதற்கு உகந்தது, நுரையீரலின் உடல்வெப்பத்தில் அது பெருகாது என்பது அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. தன்னார்வலர்களுக்கு வைரஸைக் கொடுத்து, பின்னர் அவர்களின் மூச்சுக்குழாய்த் திசுவை எடுத்துப் பார்த்தபோது அது கீழேயும் இறங்கிப் பெருகுவது உறுதியானது. ஆயினும் இன்ஃப்ளூயன்சா வைரஸைப் போல இது மூச்சுக்குழாயின் மேல்தோல் செல்களை வாரி அழிப்பதில்லை. ரைனோவைரஸால் வரும் தொல்லையின் பெரும்பகுதி வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதமன்று. அதற்கு நம் உடல் காட்டும் எதிர்வினையே ஆகும்.

அந்த எதிர்வினையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. ஊருக்குள் ஆபத்து என்று தண்டோரா போட்டு அக்கம்பக்கத்தாரைக் கதவடைக்கச் சொல்வது போல, இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களை எச்சரித்து வைரஸ் அவற்றில் பெருகாதபடி தயார்செய்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களில் இந்த எச்சரிக்கை போதிய வேகத்தில் எழவில்லை, அதனால் வைரஸ் கூடுதலாகப் பெருகுகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடுத்து வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. நோய் லேசாகவும் கட்டுப்பாட்டிலும் உள்ளவர்களிடம் அந்தக் குறைபாடு தெளிவாகத் தென்படவில்லை. ஒவ்வாமையும் அழற்சியும் மிகுந்தவர்களிடமே அது தெரிகிறது. இந்த முரண்பாட்டை ஆய்வின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. அழற்சியை அடக்கி வைத்திருந்தால் வைரஸை எதிர்க்கும் ஆற்றலும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை தரும் செய்தியும் அதில் இருக்கிறது.

மறுபுறம், தாக்குண்ட மேல்தோல் செல்கள் இன்டர்லூக்கின் 33, இன்டர்லூக்கின் 25, டி.எஸ்.எல்.பி. முதலிய அபாயக் குறிப்புப் பொருட்களையும் வெளியிடுகின்றன. ஒவ்வாமையின் பாதையில் ஏற்கெனவே சென்றுகொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு அமைப்பு இவற்றைக் கண்டதும் ஈசினோஃபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்களை அங்கே வரவழைக்கிறது. சளிச் சுரப்பைக் கூட்டுகிறது. தசையை மேலும் எளிதில் சுருங்க வைக்கிறது. வைரஸை ஒழிக்கப் பெரிதும் உதவாத, ஆனால் குழாயை அடைத்துவிடக்கூடிய எதிர்வினை இது. மூக்கில் அறிகுறி தொடங்கி இரண்டு மூன்று நாட்கள் கழித்து நெஞ்சில் தொல்லை உச்சமடைவதும் இதனால்தான். அழற்சி திரண்டு எழுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. சிகிச்சைக்கு அந்த இடைவெளி எவ்வளவு மதிப்புள்ளது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கனடாவின் செப்டம்பர் மாதம்

ஒவ்வாமையும் வைரஸும் கைகோக்கும்போது என்ன நேர்கிறது என்பதை ஒரு நாட்டின் அளவிலேயே காட்டும் சான்று கனடாவில் இருக்கிறது. அந்நாட்டில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையானவர்கள் செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் வருகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளுக்கு மறுநாள் பள்ளிகள் பரவலாகத் திறக்கின்றன. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை வாரத்தில், ஆண்டின் 38-ஆம் வாரத்தை ஒட்டி, பள்ளி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு ஓரிரு நாட்கள் கழித்துப் பள்ளி செல்லாத சின்னஞ்சிறு பிள்ளைகளும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெரியவர்களும் அதே உச்சத்தை எட்டுகிறார்கள். வகுப்பறையில் தொற்றிய ரைனோவைரஸ் வீட்டுக்கு வந்து தம்பி தங்கையரையும் பெற்றோரையும் பிடிப்பது இந்தக் கணக்கில் அப்படியே தெரிகிறது.

அதே மாதத்தில் நடந்த ஓர் ஒப்பீடு இன்னும் ஆழமானது. அவசர சிகிச்சைக்கு வந்த ஆஸ்துமாப் பிள்ளைகளையும், அதே நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வெளியே இருந்த ஆஸ்துமாப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தொல்லை இல்லாதவர்களில் கணிசமானோரின் மூக்கிலும் வைரஸ் இருந்தது. அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில், அழற்சியைத் தணிக்கும் தடுப்பு இன்ஹேலரைப் பயன்படுத்தி வந்தவர்கள் மற்ற குழுவைவிடக் குறைவாக இருந்தார்கள். விடுமுறையில் மருந்தை விட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அமெரிக்க நகரங்களில் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் இளைஞர்களையும் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓமலிசுமாப் ஊசி மருந்துச் சோதனை இந்தக் கதையின் அடுத்த கண்ணி. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது அந்த மருந்து. வைரஸை அது தொடுவதே இல்லை. ஒப்பீட்டுக்காக, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து பெற்ற குழுவில் இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் வழக்கம்போல நோய் உச்சம் தொட்டது. ஓமலிசுமாப் பெற்றவர்களிடம் அந்த உச்சங்கள் கிட்டத்தட்ட மறைந்தே போயின. ஐஜிஇ மிகுந்திருக்கும்போது சில நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கும் திறன் குன்றுகிறது என்பது ஆய்வகத்தில் முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வாமையை அடக்கினால் வைரஸின் பாதிப்பும் குறைகிறது என்பதை இச்சோதனை மனிதர்களிடமே காட்டிவிட்டது.

பிறகு 2020 வந்தது. பள்ளிகள் மூடப்பட்டு, முகக்கவசம் பொதுவழக்கமாகி, மக்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருந்த அந்த மாதங்களில் பல நாடுகளில் பிள்ளைகளின் ஆஸ்துமா அவசர வருகைகள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் பதிவுகளில் இந்த வீழ்ச்சியுடன் ரைனோவைரஸ் தொற்றும் சேர்ந்தே குறைந்தது. அதே காலத்தில் அந்நகரின் காற்று மாசு முந்தைய ஆண்டுகளிலிருந்து பெரிதாக மாறியிருக்கவில்லை. கோவிட் வைரஸ் ஆஸ்துமா நோயாளிகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகும் என்ற தொடக்ககால அச்சமும், நோய் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களைப் பொறுத்தவரை மெய்யாகவில்லை.

வைரஸே ஆஸ்துமாவை உண்டாக்குகிறதா?

இதுவரை பார்த்தது, இருக்கும் ஆஸ்துமாவை வைரஸ் முற்றச் செய்வது. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு ஆஸ்துமா வருவதற்கே வைரஸ் காரணமாக முடியுமா என்பது தனிக் கேள்வி. பெற்றோர் மருத்துவரிடம் அதிகம் கேட்பதும் இதுவே.

இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொற்றிவிடும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், கைக்குழந்தைகளின் நுண்ணிய மூச்சுக்குழாய்களில் அழற்சியை ஏற்படுத்தி மூச்சிரைப்பைத் தருகிறது. அப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் வீசிங் வரும் வாய்ப்பு கூடுதல். ரைனோவைரஸின் தொடர்பு இதைவிடவும் வலுவானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில், ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கும் ஆய்வின் 2008-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, முதல் மூன்று வயதுக்குள் ரைனோவைரஸால் வீசிங் வந்த குழந்தைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்திருந்தது. ஆர்.எஸ்.வி.க்கு அது சுமார் இரண்டரை மடங்கு.

இந்த எண்களைக் கண்டு, வைரஸ்தான் ஆஸ்துமாவை விதைத்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆஸ்துமா வரும் இயல்பு ஏற்கெனவே உள்ள குழந்தைக்குத்தான் ரைனோவைரஸ் வீசிங்கைத் தருகிறது, வைரஸ் அந்த இயல்பை வெளிக்காட்டும் அடையாளம் மட்டுமே என்றும் அதே எண்களை விளக்கலாம். அதே மேடிசன் ஆய்வு 2012-இல் இதற்குச் சாதகமான சான்றையும் தந்தது: பிள்ளைகளிடம் ஒவ்வாமை முதலில் தோன்றி, ரைனோவைரஸ் வீசிங் அதன் பின்னரே வருகிறது, இதற்கு எதிரான வரிசை காணப்படவில்லை. ஆர்.எஸ்.வி.யைப் பொறுத்தவரை நெதர்லாந்தில் ஒரு நேரடிச் சோதனையே நடந்தது. சற்றுக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஒரு பாதிக்கு அந்த வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் ஊசி போடப்பட்டது. முதலாம் ஆண்டில் அவர்களுக்கு வீசிங் வந்த நாட்கள் 61 விழுக்காடு குறைந்தன. ஆறு வயதில் நுரையீரலின் திறனைச் சோதித்தபோதோ இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆக, இன்றைய சான்றுகளை வைத்து நான் நியாயமாகக் கருதும் நிலை இது: மரபும் ஒவ்வாமையும் நிலத்தைத் தயார்செய்திருக்கும் இடத்தில் தொடக்கக்காலத் தொற்றுகள் நோயை விரைவுபடுத்தக்கூடும், தனியொரு சளி நல்ல குழந்தையை ஆஸ்துமா நோயாளியாக மாற்றிவிடுகிறது என்பதற்கு ஆதாரம் போதாது. மூன்று வயதுக்குள் சளியோடு மட்டும் வீசிங் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தில் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். எனவே அன்று சளி பிடிக்கவிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சளிக் காலத்தில் செய்ய வேண்டியது

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியாவுக்கு எதிரானவை. வைரஸால் முற்றிய ஆஸ்துமாவுக்கு அவற்றால் பயனில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது; நிறம் மாறுவது வெள்ளணுக்களின் நொதிகளால், அது மட்டுமே பாக்டீரியாத் தொற்றுக்குச் சான்றாகாது. வாய்வழி ஸ்டீராய்டு பெரிய பிள்ளைகளின் கடும் ஆஸ்துமாவில் உயிர்காக்கும் மருந்து என்றாலும், ஐந்து வயதுக்குட்பட்டோரின் மிதமான வைரஸ் வீசிங்கில் அது போலி மருந்தைவிடச் சிறப்பாகப் பலனளிக்கவில்லை என்று 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு தெரிவிக்கிறது. சிறு குழந்தைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் பழைய மருந்துச்சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சிரப் வாங்கிக் கொடுப்பது தவறு.

உண்மையான காப்பு தடுப்பு இன்ஹேலரில் இருக்கிறது. குறைந்த அளவு ஸ்டீராய்டு கொண்ட அந்த இன்ஹேலரை முறையாக எடுத்து வந்தால் கடுமையான ஆஸ்துமா தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றன. இன்ஹேலர் பழக்கமாகிவிடும், பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சத்தால் நம் வீடுகளில் பலரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அது அடிமைப்படுத்தும் மருந்தன்று. வளர்ச்சி பற்றிய அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை இருக்கிறது. பியூடசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சில ஆண்டுகள் எடுத்த பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து அளந்த அமெரிக்க ஆய்வில், உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமா இரவுத் தூக்கத்தையும் விளையாட்டையும் பறித்து, சில வேளை உயிரையே பறிக்கக்கூடியது என்பதோடு வைத்துப் பார்த்தால் அந்த இழப்பு மிகச் சிறியது.

நிவாரணி இன்ஹேலரான சால்ப்யூட்டமால், இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடாது. அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால், பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் 2019 முதல் கூறிவருகின்றன. சளியின் முதல் அறிகுறிக்கும் நெஞ்சுத்தொல்லையின் உச்சத்துக்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று நாட்களில் எந்த இன்ஹேலரை எத்தனை முறை எடுப்பது, எப்போது மருத்துவரை அழைப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டால் நள்ளிரவில் தடுமாற வேண்டியிராது. சிறு பிள்ளைகளுக்கு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்துக் கொடுத்தால்தான் மருந்து தொண்டையில் தங்கிவிடாமல் நெஞ்சுக்குள் போய்ச் சேரும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளத் தக்கது. அது ரைனோவைரஸைத் தடுக்காது என்பதால், ஊசி போட்டும் சளி பிடித்ததே என்று அடுத்த ஆண்டு அதை விட்டுவிடக் கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, விலா இடுக்குகளும் கழுத்துக் குழியும் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, குழந்தை பால் குடிக்க முடியாமல் சோர்ந்துபோவது, நிவாரணி இன்ஹேலரின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காதது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கீச்சொலி கேட்டுக்கொண்டிருந்த நெஞ்சு, மூச்சுத்திணறல் குறையாமலேயே திடீரென்று ஓசையற்றுப் போனால் அதைத் தேறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. காற்று உள்ளே போவதே நின்றுகொண்டிருக்கிறது என்பதே அதற்குப் பொருள். வழியிலும் நிவாரணி இன்ஹேலரை ஸ்பேசர் மூலம் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டும்.